வைக்கோல் கன்று

இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அடுப்படிக்குப் போய், வெந்நீர் வைக்கப் பாத்திரத்தைக் கையில் எடுத்த பிறகுதான் அதற்கு இனி வேலை இல்லை என்பது உறைக்கும். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து படுப்பேன். நான்கு மணிக்கு மறுபடியும் விழிப்பு. கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறிய அன்று விடியற்காலையில் குட்டி போனது. பத்தாம் நாள் மலையில் தீபம் ஏற்றினார்கள். அது பதினொரு நாள் எரிந்து அணைந்த பிறகும் என் உடம்பு அந்த இரண்டு மணிக் கணக்கை மறக்கவில்லை.

எங்களோடு அது இருந்தது ஐந்தே நாள். நாய்க்குட்டிக்குக் கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும். காது கேட்க இன்னும் கொஞ்ச நாள். ஆக, எங்களில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், ஒருவர் குரலையும் கேட்காமல் போன உயிர் அது. அதற்கு நான் ஒரு சூடு, ஒரு வாசனை. இதற்கா இவ்வளவு துக்கம் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நானே என்னை அப்படிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் திரியும். பக்கத்து மனையில் வீடு கட்ட இறக்கியிருந்த மணல்மேட்டில் குழி பறித்து, தார்ப்பாய்க்கு அடியில் ஐந்து குட்டி போட்டிருந்தது. மூன்றாம் நாள் மணல் அள்ள வந்தவர்கள் தார்ப்பாயை இழுத்துப் போட்டார்கள். அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. செவலை ஒவ்வொரு குட்டியாய்க் கவ்விக்கொண்டுபோய் எதிர்வீட்டு மாடிப்படிக்கு அடியில் சேர்த்தது. நான்குதான் போய்ச் சேர்ந்தன. ஐந்தாவதை என் மகன் டார்ச் அடித்துக் கண்டுபிடித்தான். சேற்றுக்குள், சத்தமே இல்லாமல் கிடந்தது. உடம்பு சில்லிட்டுப்போன குட்டி கத்தாது. கத்தாத குட்டியைத் தாய் தேடி வருவதும் அரிது. இரண்டு முறை கொண்டுபோய் அதன் மடியருகே வைத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கால் தள்ளிவிட்டது.

அன்று ராத்திரி நான் செய்த தவறு ஒன்று உண்டு. இன்னொருவர் வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். துடைத்தவுடன், பசியில் இருக்குமே என்ற பதைப்பில், மகனுக்குக் கைக்குழந்தையில் புகட்டிய பாலாடையைப் பரணிலிருந்து எடுத்துப் பசும்பால் புகட்டினேன். மறுநாள் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்கள்: "குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாதும்மா. முதல்ல உடம்புக்குச் சூடு ஏறணும். சூடு இல்லாட்டி குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் அப்படியே நின்னுபோகும்." பிறந்த முதல் வாரத்தில் குட்டியால் நடுங்கிக்கூடத் தன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள முடியாதாம். சூட்டையும் சட்டென்று ஏற்றக் கூடாது, மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். பசும்பாலும் அதற்குப் போதாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மிக அதிகம். தானாகச் சிறுநீர் கழிக்கவும் அதற்குத் தெரியாது. தாய் நக்கிவிடுவதற்குப் பதிலாக, ஈரப் பஞ்சால் நாம் தடவிவிட வேண்டும்.

எல்லாம் செய்தோம். அட்டைப்பெட்டியில் பாதி இடத்துக்கு மட்டும் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்தோம். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபாதி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி நீக்கிய சிரிஞ்சில் பவுடர் பால். அதன் தொப்புள்கொடி காய்ந்த கறிவேப்பிலைக் காம்புபோல ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கு ரோஜா நிறம், அதில் மிளகை நசுக்கி ஒற்றியதுபோல ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. உடம்பு செம்பழுப்பு, இடது முன்காலில் மட்டும் வெள்ளை. தினமும் காலையில் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் எடை பார்த்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். 260 கிராம். 270. 284. அந்த 284-ஐ மகன் வீட்டில் எல்லாரிடமும் காட்டினான். மறுநாள் 279. அதற்கு மறுநாள் 268. எண் இறங்க ஆரம்பித்தபோதே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மாடு கன்றோடு வளர்ந்தவள். ஒன்றும் சொல்லாமல் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டாள்.

கடைசி இரவில் அது வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டது. கதவுக் கீல் முனகுவது மாதிரி இரண்டு சத்தம். என் உள்ளங்கையில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி முலைக்காம்பைத் தேடியது. தேடுவதை நிறுத்தியது. அவ்வளவுதான் நடந்தது.

வீட்டுக்குப் பின்னால் மாதுளைச் செடிக்கருகே குழி தோண்டி, ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டுப் புதைத்தோம். "பேரு என்னன்னு சொல்லி மண்ணு போடறது?" என்று மகன் கேட்டான். கண் திறந்ததும் வைக்கலாம் என்று, நினைத்திருந்த பெயரையும் தள்ளிப்போட்டிருந்தோம். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. கால்நடைகளைக் காக்கும் சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும், கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1,400 வருஷமாகப் பெயரோடு இருக்கிற ஒரு நாய். அந்தக் கல்லை முன்பு பார்த்தபோது கோவிவனின் வீரம்தான் மனதில் நின்றது. மாதுளையடியில் நின்றபோது தோன்றியது வேறு. ஒன்றையும் காக்காத, யாரையும் கடிக்காத, ஒரு வேலையும் செய்து காட்ட அவகாசம் கிடைக்காத உயிருக்கு எதைச் சொல்லி அழுவது? நினைவு என்று எடுத்துவைக்க என்னிடம் இருந்தது ஒரு நாள்காட்டித் தாளும் ஐந்து எண்களும்தான்.

"தெருநாய்க் குட்டி அப்படித்தான் போகும், இயற்கை" என்று சமாதானம் சொன்னார்கள். கொல்கத்தா பக்கத்து இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் தெருநாய்களின் 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏழு மாதத்தைத் தாண்டியவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. போனவற்றில் பெரும்பாலானவை போனது மனிதர்களால். வண்டி ஏறியவை, அடிபட்டவை, தூக்கிச் செல்லப்பட்டவை. எங்கள் தெருவிலும் மணலைக் கொட்டியது இயற்கை இல்லை, தார்ப்பாயை இழுத்ததும் இயற்கை இல்லை. குளிர்ந்த வயிற்றில் பாலை ஊற்றியது நான்.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. டாக்டரம்மாவிடம் போய் நேராகவே கேட்டேன், என்னால்தான் செத்ததா என்று. பொய்ச் சமாதானம் சொல்லாத மனுஷி. "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அதுமட்டும்தான்னு சொல்ல முடியாது. மழையில எவ்வளவு நேரம் கிடந்ததோ, சீம்பால் சரியாக் குடிச்சதோ இல்லையோ. தாய்கிட்டயே இருந்தாலும் சிலது இப்படித் தேய்ஞ்சு போயிடும்" என்றார். பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி என்னுடையது, அது இறங்க வேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்டேன். இன்னொரு குட்டி எடுத்தால் வீடு பாதுகாப்பாக இருக்குமா என்றும் கேட்டேன். பார்வோ வந்து செத்திருந்தால்தான் பயம், அந்தக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும், தடுப்பூசி முடிக்காத குட்டியைக் கொண்டுவரவே கூடாது, இது அப்படி இல்லை என்றார். "மண்ணு காத்திருக்க வேண்டியதில்லை. நீங்க எத்தனை நாள் காத்திருக்கணும்னு எனக்குத் தெரியாதும்மா."

மூன்று மாதம் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்று சொல்வதைவிட, தேடிக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. குட்டி தத்துக் கொடுக்கிறோம் என்று யார் படம் அனுப்பினாலும் பெரிதாக்கிப் பார்ப்பேன். செம்பழுப்பா? இடது முன்கால் வெள்ளையா? மாசி மாதம் ஒரு படம் வந்தது, அச்சாக அதே நிறம், அதே கால். போளூர் பக்கம் ஒரு வீடு. அம்மாவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நல்ல கொழுகொழு குட்டி. தூக்கினேன். திமிறியது. நான் அதன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. காலைப் பிடித்துத் திருப்பி வெள்ளை எதுவரை இருக்கிறது என்று பார்த்தேன். பிறகு மூக்கில் அந்த மிளகுப் புள்ளியைத் தேடினேன். அது இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் குட்டி வெலவெலத்துப்போய் என் விரலைக் கடித்தது.

திரும்பும் வழியில் அம்மா பஸ்ஸில் சொன்னாள்: "கண்ணு, நீ குட்டியப் பாக்க வரல. தோலப் பாக்க வந்த."

எனக்குப் புரிந்தது. செங்கம் பக்கத்தில் அம்மா பிறந்த வீட்டில் நடந்ததை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். கன்று செத்துவிட்டால் மாடு பால் சுரக்காது. அதனால் செத்த கன்றின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, நான்கு குச்சிக் காலோடு மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை முகர்ந்து நக்கும். மடி இறங்கும். அந்த நேரத்தில் கறந்துகொள்வார்கள். அவர்கள் வீட்டு மயிலைப் பசுவுக்கும் அப்படிச் செய்தார்களாம். கறந்து முடித்ததும் வைக்கோல் கன்றைத் தூக்கித் தாழ்வாரத்தில் மாட்டிவிடுவார்கள். அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பக்கம் போகவே பயப்படுவாளாம்.

"அது பொம்மைன்னு மாட்டுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியாம என்ன. வாசனைக்கு நக்கும். பால் என்னமோ குடுத்துச்சு. ராத்திரி கத்தறது மட்டும் நிக்கல."

"அப்புறம் எப்ப நின்னுது?"

"அடுத்த ஈத்துல. முன்னது காளைக் கன்னு, இது கெடாரி. நிறமே வேற. அத மயிலை போட்டு நக்குனது இன்னும் என் கண்ணுல நிக்குது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று மாதமாக நான் தேடியது இன்னொரு நாயை இல்லை. போனதன் தோலைப் போர்த்திக்கொண்டு நிற்க ஒரு உயிரைத் தேடியிருக்கிறேன். அந்தப் போளூர்க் குட்டியை எடுத்து வந்திருந்தால் ஒவ்வொரு நாளும் அதன் மூக்கில் இல்லாத புள்ளியைத் தேடியிருப்பேன். அது வளர வளர, அது அதுவாக ஆக ஆக, எனக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியிருக்கும். உயிருள்ள குட்டிக்கு அதைவிடக் கொடுமை என்ன இருக்க முடியும்? இன்னொன்றை எடுத்தால் செத்ததற்குத் துரோகம் என்று அதுவரை பயந்துகொண்டிருந்தேன். துரோகம் செய்யப் பார்த்தது வரப்போகிற உயிருக்கு என்பது அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது. செத்ததற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 284 கிராம் வரை போராடி ஏறிய அந்தக் குட்டி வேறெதன் முகத்தையும் கடன் வாங்கி வந்ததில்லை. அதன் இடத்தில் இன்னொன்றை நிறுத்தாமல் விடுவதுதான் அதற்கு நான் காட்டக்கூடிய மரியாதை.

அன்றிரவும் இரண்டு மணிக்கு விழித்தேன். எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே யோசித்தேன். குட்டி என்னிடம் விட்டுப்போனது இந்த விழிப்பும், சூடு பார்க்கத் தெரிந்த கையும். இரண்டும் எந்த நிறக் குட்டிக்கும் உதவும்.

செவலையின் மற்ற நான்கில் பொங்கல்வரை தாங்கியது ஒன்றுதான். அதை அடுத்த தெருவில் ஒரு வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். செவலைக்கு இப்போது கருத்தடை ஆகிவிட்டது. காது நுனியில் வெட்டுக்குறியோடு பழைய இடத்திலேயே படுத்திருக்கிறது. நான் சோறு வைத்தால் வாலை ஆட்டும். என்மேல் அதற்கு ஒரு வருத்தமும் இருப்பதாகத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் ஊசி எடுத்துக்கொடுக்கும் அண்ணன் வீட்டுக்கு நானும் மகனும் போனோம். அவர்கள் வீட்டு நாய் ஏழு குட்டி போட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. கடுவன் எல்லாவற்றுக்கும் ஆள் சொல்லிவிட்டார்களாம். பொட்டைக் குட்டி இரண்டு மட்டும் கேட்பாரில்லாமல் மிச்சம். அதில் ஒன்று கன்னங்கரேல் என்று, கண்ணுக்கு மேல் இரண்டு செம்பொட்டோடு, தன் வயதுக்குப் பெரிய காதுகளோடு உட்கார்ந்திருந்தது. நான் கூப்பிடவில்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு நான் தயாராக இல்லை. ஐந்து நாள் ராப்பகலாய் ஒரு உயிரைக் கையில் வைத்திருந்தும் அது என்னைப் பார்த்ததே இல்லை. இவளோ என் நெற்றிப்பொட்டிலிருந்து காலில் உள்ள மெட்டிவரை நிதானமாகப் பார்த்தாள்.

எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும், தடுப்பூசி ஒன்று போட்டபிறகு கொண்டுபோங்கள் என்றார் அண்ணன். பங்குனி பிறந்துவிடும். அம்மா பாலாடையைக் கழுவித் துடைத்துப் பரணில் வைத்துவிட்டாள். இவள் தட்டில் குடிப்பாள். பழைய துண்டையும் எடுக்க வேண்டாம், புதுசு வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன். மாதுளையடிக் குட்டிக்கு வைக்க நினைத்திருந்த பெயர் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அது அதனுடையது. இவளுக்கு என்ன பெயர் என்று மகன் தினம் ஒன்று சொல்கிறான். வரட்டும், அவளைப் பார்த்துப் பழகி வைக்கலாம் என்றிருக்கிறேன்.

கிளம்பும்போது ஒருமுறை தூக்கினேன். காலைத் திருப்பிப் பார்க்கவில்லை. நல்ல கனம். கழுத்தருகே மூக்கை வைத்து முகர்ந்தாள், தாலிக்கயிற்றை ஒருமுறை கடித்தாள், என் புடவையைச் சூடாக நனைத்தாள். இறக்கிவிட்டதும் திரும்பிப் பார்க்காமல் தாயின் மடிக்கு ஓடினாள்.