வாசலுக்கு வெளியே நின்றவன்

குறும்பு செய்யும் ஒரு மாணவனை, மற்ற மாணவர்களின் நன்மைக்காக வகுப்பைவிட்டு விலக்கி வைப்பது அறமாகுமா? ஆசிரியப் பணியை மேற்கொண்ட முதலாண்டிலேயே இக்கேள்வி என்முன் வந்து நின்றது. எளிதில் விடை கண்டுவிட்டதாக எண்ணிப் பின்னர் வெட்கமுற்றேன். அதைச் சகோதர சகோதரிகளிடம் மறைக்காமற் சொல்வதே முறை.

தங்கவயலில் 2001-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்ட பின், நம்மவரிற் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். தந்தையின் முகத்தை ஞாயிற்றுக்கிழமையில் மட்டுமே நன்றாகக் காணும் பிள்ளைகள் நிறைந்த எட்டாம் வகுப்பு எனக்கு வாய்த்தது. நான் பிரம்பெடுப்பதில்லை. இதிற் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் கொடுமையையும் தடுத்திருக்கிறது. ஆயினும் ‘கோபமே வராத சார்’ என்று பிள்ளைகள் பேசிக்கொண்டபோது உள்ளூர மகிழ்ந்தேன்.

மஜ்ஜிம நிகாயத்திலே பகவான் புத்தர் சொன்ன கதை ஒன்றுண்டு. சாவத்தி நகரில் வேதேகிகை என்னும் இல்லத்தலைவி சாந்த குணத்திற்குப் பேர்போனவள். அவளுடைய பணிப்பெண் காளிக்கு ஓர் ஐயம் எழுந்தது: அம்மையாரிடம் சினமே இல்லையா, அல்லது நான் வேலையைச் செம்மையாய்ச் செய்வதால் அது வெளிப்படாதிருக்கிறதா? காளி வேண்டுமென்றே தாமதமாக எழுந்தாள். முதலில் முகம் சுளித்தது. அடுத்துக் கடுஞ்சொல் வந்தது. இறுதியில் கதவின் தாழ்க்கோல் காளியின் தலையைப் பிளந்தது. புதிய ஆசிரியனின் வகுப்பிலே காளிகள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சோதிப்பது கெட்ட எண்ணத்தினால் அன்று. இம்மனிதன் உண்மையில் யார் என்று அறியும் ஆவலினால்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கடைசி வரிசையிலிருந்து ஒரு சீழ்க்கை எழும். எழுப்புகிறவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாம் வாரம் கையிலிருந்த டஸ்டரை மேசைமேல் ஓங்கி அடித்து, “வெளியே நில்!” என்று கத்தினேன். வகுப்பு அடங்கிற்று. மறுநாளும் நிறுத்தினேன், அதற்கு மறுநாளும். அடிக்கவில்லையே என்று மனச்சாட்சிக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் பாபாசாகேப் அம்பேத்கரின் இளமைப் பருவத்தைப் பற்றிப் பேசினேன். சதாராவில் அவர் படித்த பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார இடமின்றி, தனியே கோணிச்சாக்கின்மேல் உட்கார்ந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலைப் பார்த்தேன். நிற்கக் கால் வலித்ததால் அவன் தாழ்வாரத்தின் வெறுந்தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பேச்சு ஓடவில்லை.

இரண்டும் ஒன்றல்ல என்று வாசகர்கள் சொல்லலாம். நானும் அவ்வாறே வாதித்துப் பார்த்தேன். அங்கே பிறப்பின் பேரால் விலக்கினார்கள். இங்கே நடத்தையின் பேரால். மற்ற மாணவர்களின் படிப்பையும் காக்க வேண்டாமா? வேண்டும். இவ்வாதம் பொய்யன்று. பகவானே தம் இறுதி நாட்களில் சன்னர் என்னும் அடங்காத பிக்குவுக்குப் பிரம்ம தண்டம் விதிக்கச் சொன்னார். அவரோடு பேசுவதோ அறிவுரை கூறுவதோ கூடாது என்பதே அத்தண்டம். அதைக் கேட்ட மாத்திரத்தில் சன்னர் மயங்கி வீழ்ந்தார். பின்னர்த் தனித்திருந்து முயன்று அருகத்தானார். ஆனவுடன் தண்டமும் நீங்கிற்று. ஆகவே விலக்குதல் மட்டுமே பிழையாகாது. ஆனால் அத்தண்டத்தைச் சன்னரிடமே சென்று கூறினார் ஆனந்தர். ஏன் என்பது சன்னருக்குத் தெரியும். திரும்பி வரும் வழியும் திறந்திருந்தது. என் மாணவனுக்கு நான் எதைச் சொன்னேன்? எத்தனை நாள் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. என் சினம் ஆறும்வரை என்பதுதான் கணக்கு. கோணிச்சாக்கு போட்டவர்களும் தங்களுக்கு ஒரு நியாயம் இருப்பதாகவே நம்பியிருப்பார்கள்.

அன்று மாலை அவனைத் தனியே அழைத்து, ஏன் சீழ்க்கை அடிக்கிறாய் என்று சினமின்றிக் கேட்டேன். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, “வாசிக்கச் சொல்லுவீங்க சார்” என்றான். வரிசைப்படி ஒவ்வொருவராக எழுந்து பாடம் வாசிப்பது என் வகுப்பின் வழக்கம். அவனுக்குக் கூட்டெழுத்து வாசிக்க வராது. தன் முறை நெருங்கும்போது சீழ்க்கை அடித்தால் நான் வெளியே அனுப்பிவிடுவேன். நாற்பது பேர் எதிரில் தடுமாற வேண்டியதில்லை. நான் தண்டனை என்று கொடுத்ததை அவன் அடைக்கலமாகப் பெற்றுக்கொண்டிருந்தான்! அறத்தை விடுங்கள், ஆசிரியத் தொழிலாகப் பார்த்தாலும் இதைவிடப் பேதைமை வேறில்லை.

இப்போது அவன் இரண்டாம் வரிசையில் உட்காருகிறான். மறுநாள் அவன் வாசிக்கவேண்டிய நான்கு வரிகளை முதல்நாள் மாலையே குறித்துக் கொடுத்து, ஒருமுறை என்னுடன் வாசிக்கச் செய்கிறேன். சீழ்க்கை முற்றிலும் நின்றுவிட்டதென்று சொன்னால் அது பொய்யாகும். சென்ற வாரம்கூட இருமுறை கேட்டது. முதல்முறை திரும்பிப் பார்த்தேன், அவன் இல்லை, வேறொருவன். இரண்டாம் முறை அவனேதான்.