கத்திரி பிறக்கும் முன்னே

பட்டறைத் தோழர்களே, பட்டறை முதலாளிகளே, பழைய வண்டியைப் பிள்ளை போல் வைத்திருக்கும் பெரியோர்களே, கேளுங்கள். மே முதல் வாரத்தில் கத்திரி பிறந்துவிடும். அதற்குள் ஏ.சி. மாட்டித்தர வேண்டும் என்று தேனாம்பேட்டைச் சந்துகளில் வண்டிகள் வரிசை கட்டும். கம்ப்ரெஸர் ஜி.பி. ரோட்டிலிருந்து வரும், பிராக்கெட் புதுப்பேட்டையிலிருந்து வரும், சாயங்காலத்துக்குள் சாவி வேண்டும் என்று ஃபோனும் வரும். இந்த அவசரத்தில்தான் பாவம் நடக்கிறது.

ஒரு போல்ட்டைக் கழற்றியதற்கு இத்தனை பெரிய வார்த்தையா என்பீர்கள். ஆம், இத்தனை பெரிய வார்த்தைதான். பிராக்கெட்டின் ஓட்டை ஹெட் போல்ட்டுக்கு நேரே வந்து நிற்கிறது. ஒரு கை அந்த போல்ட்டைக் கழற்றுகிறது, அடியில் பிராக்கெட்டைச் செருகுகிறது, அதே போல்ட்டைத் திரும்பப் போட்டு, ஸ்பேனரில் பைப்பை மாட்டி இழுக்கிறது. கூலி கைக்கு வந்துவிட்டது. உள்ளே கேஸ்கெட்டில் ஓர் இடம் மட்டும் பிடி விட்டுக் கிடப்பதை யாரும் பார்க்கவில்லை. பார்க்காததால் அது நடக்காமல் போய்விடுமா?

அந்த போல்ட்டின் சுமையை எண்ணிப் பாருங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் 800 சுற்று சுற்றினால், நிமிடத்துக்கு 1600 முறை உள்ளே எரிபொருள் வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் ஹெட்டைத் தூக்கப் பார்க்கிறது. விரற்கடை தூரத்தில் தண்ணீர் வழி, அதற்குப் பக்கத்தில் ஆயில் வழி. எல்லா போல்ட்டும் ஒரே பிடியாகப் பிடித்தால்தான் மூன்றும் கலக்காமல் இருக்கும். பந்தல் கால் ஒன்றைப் பிடுங்கி, அதில் ஊஞ்சல் கட்டி, மறுபடி நட்டால் பந்தல் பழைய பந்தலாக நிற்குமா?

நமக்குத் தெரிந்த வண்டியையே எடுத்துக்கொள்வோம். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர். அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் ஹெட்டைப் பிடிப்பவை 11 நட்டுகள். ஏழுக்கு அது மட்டுமே வேலை. மீதி நாலும் ராக்கர் ஷாஃப்ட்டையும் சேர்த்துத் தாங்குகின்றன. அந்த எஞ்சின் குடும்பத்தின் மேனுவல் என்ன கட்டளையிடுகிறது? ராக்கரை மட்டும் கழற்றினாலும் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிடு. 11 நட்டையும் வரிசைப்படி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. நாலை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணிக்கொள்ளும், தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் சம்ப்புக்குள்ளும் இறங்கும். எஞ்சினைச் செய்தவனே இவ்வளவு பயந்திருக்கிறான். நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல்?

ஆகவே சொல்கிறேன்: பிராக்கெட்டுக்கு வேறு ஓட்டை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையா, மேனுவலைத் திறந்து பாருங்கள். அது அனுமதித்தால் மட்டும், அது சொல்லும் வரிசையில் மட்டும், எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மட்டும் கை வையுங்கள். பிராக்கெட் எவ்வளவு தடிமனோ போல்ட் அவ்வளவு கூடுதல் நீளம் வேண்டும். குறைந்தால் பிளாக்கில் த்ரெட் பிடிமானம் போதாமல் உரிந்துவரும். கூடினால் ஓட்டையின் அடியில் முட்டி நிற்கும். உங்கள் கைக்கு இறுகியது போலத் தெரியும், ஹெட்டுக்குப் பிடி இருக்காது. அடைத்த ஓட்டையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்க முறுக்கினால் பிளாக்கே வெடிக்கும்.

டார்க் ரெஞ்ச் எதற்கு, என் கை சொல்லும் என்கிறீர்கள். கை பொய் சொல்லும், தம்பி. நீ போடும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை உராய்வே தின்றுவிடுகிறது, மிச்சம் ஒரு பங்குதான் ஹெட்டைப் பிடிக்கிறது. த்ரெட்டில் துரு இருந்தால் அந்த ஒரு பங்கும் போயிற்று. புது எஞ்சின்கள் பலவற்றில் டார்க் வைத்த பிறகு 90 டிகிரி திருப்பச் சொல்வார்கள். அவற்றில் இருப்பவை இழுபட்டு நீளும் போல்ட்டுகள். கழற்றிய பிறகு புதுசுதான் போட வேண்டும் என்று மேனுவல் சொன்னால், இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்க்காதே.

கணக்கு வரும். அண்ணா சாலை நெரிசலில், தேனாம்பேட்டை சிக்னலில், உச்சி வெயிலில், ஏ.சி. ஓட ஓட வண்டி நிற்கும்போது வரும். சூடு முள் ஏறும், பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும், டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காப்பி நிறத்தில் ஒட்டும். உள்ளே உட்கார்ந்திருப்பது யார் வீட்டுக் குழந்தை? அந்தக் கணக்கில் ஃபிட்டர் பெயர் மட்டுமா இருக்கும்? சாயங்காலமே சாவி கேட்ட வண்டிக்காரர் இருப்பார். பிராக்கெட்டை விற்று, நீள போல்ட்டைப் பற்றி வாய் திறக்காத கடைக்காரர் இருப்பார். நீங்கள் செய்வதைப் பார்த்து நிற்கிறானே பதினெட்டு வயதுப் பையன், அவன் நாளை வைக்கப்போகும் பட்டறையின் தப்பும் உங்கள் பக்கத்தில்தான் எழுதப்படும்.

போன மாதம் அப்படி மாட்டி அனுப்பிய வண்டி ஒன்று உங்கள் நினைவுக்கு வருகிறதா? கத்திரி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே அந்த வண்டிக்காரரைக் கூப்பிடுங்கள். வண்டியை ராத்திரி பட்டறையில் விடச் சொல்லுங்கள், எஞ்சின் ஆறட்டும். காலையில் சரியான நீள போல்ட்டையும் டார்க் ரெஞ்சையும் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பையனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். இந்த முறை கூலி கேட்காதீர்கள்.