முதலில் தென்னைக்கு இடம்



சென்ற வாரம் ஒரு கல்யாணத்தை முன்னிட்டுப் பேராவூரணிப் பக்கம் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து பஸ்ஸுக்கு இன்னும் அவகாசம் இருந்தபடியால், உறவினர் ஒருவருடைய தென்னந்தோப்பைப் பார்த்துவிட்டு வரலாமென்று அவரோடு புறப்பட்டேன். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கரையைக் கடந்த கஜா புயலில், அந்த வட்டாரத்துத் தோப்புகள் பலவற்றைப் போலவே, அவருடைய தகப்பனார் வைத்த மரங்களும் வேரோடு சாய்ந்துபோயின. விழுந்தவற்றை அறுத்து அப்புறப்படுத்தி, மறு வருஷம் ஆடியில் புதுக் கன்று வைத்தார்; நான் போன அன்று அவற்றில் சில பாளை விட்டு நின்றன.

கன்று வைத்த விதத்தை அவர் விவரித்தபோதுதான் எனக்கு இன்றைய பேச்சுக்கு விஷயம் கிடைத்தது. நீளக் கயிற்றில் இருபத்தைந்து அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, நெடுக்கும் குறுக்கும் இழுத்துப் பிடித்து, முடிச்சு விழுந்த இடத்திலெல்லாம் முளைக்குச்சி அடித்தாராம். அந்தக் கணக்கில் ஏக்கருக்கு எழுபது மரத்துக்குமேல் கொள்ளாது. "இருபது அடியாகக் குறைத்தால் நூறு வைக்கலாமே" என்று பக்கத்துக் கொல்லைக்காரர் சொன்ன யோசனையை அவர் ஏற்கவில்லை. நெருக்கி வைத்த தென்னை வெயிலைத் தேடி ஒல்லியாக உயருமேயன்றி நன்றாகக் காய்க்காது என்பது தகப்பனாரிடம் அவர் கற்ற பாடம்.

நெட்டை ரகம் பாளை விட ஆறேழு வருஷம் ஆகும். அதுவரையில் அடுப்பு எரிந்தாக வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியாக வேண்டும். ஆகவே, தென்னங்கன்றுகளை வைத்து முடித்த பிறகு, ஒவ்வொன்றைச் சுற்றிலும் ஆறடி விட்டு, மிச்சமிருந்த இடைவெளியில் வாழைக் கட்டைகளை ஊன்றினார். வருஷம் திரும்புவதற்குள் வாழை தார் தந்தது. வாழைக்குப் பாய்ச்சிய தண்ணீரில் தென்னைக்கும் பங்கு கிடைத்தது. இரண்டாம் வருஷம் தாருக்கு நல்ல விலை வரவே, தென்னையைச் சுற்றி விட்ட வட்டத்துக்குள்ளும் நாலு கட்டை வைத்தால் என்ன என்று அவர் தம்பிக்குச் சபலம் தட்டிற்று. "தென்னைக்கு விட்டது போகத்தான்டா வாழைக்கு எடம்" என்று அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். நாலாம் வருஷம் தென்னை மட்டை விரித்து நிழல் கட்டியதும் தார் சிறுக்கத் தொடங்கிற்று. வாழையை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. தின்பதற்கு முந்திய அந்த ஆறேழு வருஷத்தில் எதைத் தின்பது என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது!

தோப்பில் கண்ட இந்தக் கணக்கு வாழ்க்கைக்கும் பொருந்தும். பெரியதொரு பரீட்சையையே லட்சியமாகக் கொண்டு, இடையில் கைச்செலவுக்குக்கூட மார்க்கம் தேடிக்கொள்ளாமல், மூன்றாம் வருஷத்தில் மனமுடைந்து புத்தகத்தை மூடிவிடுகிற இளைஞர்களை நாம் பார்க்கிறோம். இந்த மாதத் தவணை, அடுத்த மாத விசேஷம் என்று வந்த தேவைக்கெல்லாம் பொழுதைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, ஐம்பது வயதுக்குமேல், "வீணை கற்றுக்கொள்ள வேண்டுமென்று இருந்தேன்" என்று விசனப்படுகிறவர்கள் அவர்களைவிட அதிகம். நேரமே கிடைக்கவில்லை என்று இவர்கள் சொல்வதை நான் ஒப்புவதில்லை. சினிமாவுக்கும் சீட்டுக் கச்சேரிக்கும் கிடைத்த நேரம் வீணைக்கு மட்டும் எப்படிக் கிடைக்காமல் போயிற்று?

ஆகையால், இன்னும் பத்து வருஷத்தில் எதைச் சாதித்திருக்க வேண்டுமென்று விரும்புகிறீர்களோ, அதற்கு வாரத்தில் எந்த நாள், எந்த மணி என்பதை இன்றைக்கே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பால் கணக்கையும் தவணைக் கணக்கையும் அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.