யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரை வழியில் கண்டபோது, சீடர்கள் ஆண்டவரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அவர் இப்படிப் பிறந்ததற்குக் காரணம் அவர் செய்த பாவமா, அவருடைய பெற்றோர் செய்த பாவமா என்பதே அக்கேள்வி. யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் இவ்வாறுதான் தொடங்குகிறது. கேட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். துன்பத்தைக் கண்டதும் அதற்குரிய குற்றவாளியைத் தேடுவது மனித மனத்தின் பழைய வழக்கம். குற்றவாளி ஒருவர் கிடைத்துவிட்டால் நமக்கு ஒருவகை நிம்மதி. அத்துன்பம் நம் வீட்டுக்கு வாராது என்று நம்பிவிடுகிறோம். ஆண்டவரோ இரண்டு விடைகளையும் மறுத்தார்.

அக்கேள்வி இன்றும் ஓயாது ஒலிக்கும் இடம் மனச்சிதைவு நோயுற்றோரின் இல்லம். வாழ்நாளில் சற்றேறக்குறைய நூற்றுக்கு ஒருவரைப் பற்றும் இந்நோய், பெரும்பாலும் இளமையின் வாயிலிலேயே வந்து நிற்கிறது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை யாருக்கும் கேளாத குரல்களுக்கு மறுமொழி கூறத் தொடங்குகிறான். பெற்ற தாயே தனக்குத் தீங்கு நினைப்பதாக அஞ்சுகிறான். உடனே அண்டை அயலார் கேட்கிறார்கள்: எந்த முன்னோரின் சாபம்? யார் வைத்த செய்வினை? வளர்ப்பு சரியில்லையோ? செபிக்க வந்தவர்களும் சில வேளைகளில் இதையே கேட்கிறார்கள்.

அறிவியலும் சென்ற நூற்றாண்டில் இக்கேள்வியைக் கேட்டது. அது தந்த விடைகளுள் இரண்டு, துன்புற்றோரையே மேலும் துன்புறுத்தின.

முதல் விடை, குற்றம் இரத்தத்தில் உள்ளது என்பது. ஜெர்மானிய மனநல மருத்துவர் ஏர்ன்ஸ்ட் ரூடின், இந்நோய் குடும்பங்களில் எவ்வாறு தொடர்கிறது என்பதை ஆராய்ந்து 1916இல் நூல் வெளியிட்டவர். 1933ஆம் ஆண்டு ஜூலையில் நாசி அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியபோது, அதற்கு விளக்கவுரை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். சட்டத்தின் பட்டியலில் மனச்சிதைவு நோயும் இருந்தது. சுமார் 4 லட்சம் பேர் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர். அடுத்து வந்தது அதனினும் கொடியது. 1940, 1941ஆம் ஆண்டுகளில் மனநோயாளர், ஊனமுற்றோர் என 70,000க்கும் மேற்பட்டோர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர்.

இரண்டாம் விடை, குற்றம் தாயிடம் உள்ளது என்பது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்னும் மருத்துவர், 'மனச்சிதைவை விளைவிக்கும் தாய்' என்னும் பொருள்படும் ஒரு சொல்லை 1948இல் எழுதினார். நோயாளரிடம் மிகுந்த பரிவு கொண்டவர் அவர். ஆயினும் அச்சொல் பரவியபோது, பிள்ளையை நோய்க்குப் பறிகொடுத்த தாய்மார், அந்நோயை உண்டாக்கியவர்கள் என்னும் பழியையும் சுமக்க நேர்ந்தது.

இவ்விரு விடைகளையும் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் சீமோர் கீட்டி. 1915இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்த இவர், உயிருள்ள மனிதரின் மூளைக்குள் எவ்வளவு இரத்தம் பாய்கிறது என்பதை அளக்கும் முறையை முதன்முதல் உருவாக்கியவர்களுள் ஒருவர். அம்முறையைக் கொண்டு மனச்சிதைவு நோயாளரையும் ஆராய்ந்து 1948இல் முடிவை வெளியிட்டார். மூளை முழுவதற்குமான இரத்த ஓட்டத்திலும் உயிர்வளிச் செலவிலும் அவர்களுக்கும் பிறருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதினார். 1951இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் முதல் அறிவியல் இயக்குநரானார். நோயின் வேதியியல் காரணத்தைக் கண்டுவிட்டதாக அன்று பலர் முழங்கினர். அவர்களின் சான்றுகளை 1959இல் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவை போதா என்று காட்டினார்.

பின்னர் அவர் பெரிய கேள்விக்கு வந்தார். நோய் குடும்பத்தில் தொடர்கிறது. ஆனால் அது குருதியால் தொடர்கிறதா, வளர்ப்பால் தொடர்கிறதா? பெற்றவர்களே வளர்ப்பவர்களாகவும் இருக்கும் வீட்டில் இரண்டையும் பிரித்தறிய இயலாது. தத்துப்பிள்ளைக்கோ பெற்றவர் வேறு, வளர்த்தவர் வேறு. டென்மார்க்கில் தத்தெடுப்புப் பதிவுகள் ஒழுங்காகப் பேணப்பட்டிருந்தன. டேவிட் ரோசென்தால், பால் வெண்டர், ஃபினி ஷுல்சிங்கர் ஆகியோருடன் சேர்ந்து, 1924 முதல் 1947 வரை கோபன்ஹேகன் பகுதியில் தத்தெடுக்கப்பட்ட சுமார் 5,500 பேரின் பதிவுகளைக் கீட்டி ஆராய்ந்தார். அவர்களுள் நோயுற்ற 33 பேரையும், அவர்களுக்கு இணையாக நோயற்ற 33 பேரையும் தெரிந்துகொண்டார். உறவினர் ஒவ்வொருவரும் எந்தப் பிரிவைச் சார்ந்தவர் என்று அறியாமலே ஆய்வாளர்கள் கணித்தார்கள். விருப்பம் முடிவைக் கெடுத்துவிடலாகாது என்பதற்காக.

1968இல் முடிவு வெளிவந்தது. நோயுற்றோரின் குருதி உறவினர் 150 பேரில் 13 பேருக்கு இந்நோயோ இதைச் சார்ந்த கோளாறோ இருந்தது. நோயற்றோரின் குருதி உறவினர் 156 பேரில் மூவருக்கே இருந்தது. வளர்த்த குடும்பங்களிடையே அத்தகைய வேறுபாடு இல்லை. டென்மார்க் நாடு முழுவதையும் உள்ளடக்கி 1994இல் வெளியான ஆய்வும் இதையே உறுதிசெய்தது. தாய்மார் மீது சுமத்தப்பட்ட பழியின் அடித்தளம் ஆட்டங்கண்டது. கீட்டி 2000ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவருக்குப் பின் வந்தோர் மரபணுக்களையே படித்தனர். 2016இல் ஸ்டீவன் மெக்கரல் தலைமையிலான குழு, சி4 என்னும் மரபணுவின் சில வடிவங்கள் நோயின் வாய்ப்பைக் கூட்டுவதைக் காட்டியது. நரம்பணுக்களின் இணைப்புகள் களையப்படுவதில் அம்மரபணுவுக்குப் பங்கு உண்டு. 2022இல் வெளியான ஆய்வொன்று, நோயுடன் தொடர்புடைய 287 இடங்களை மரபணுத் தொகுதியில் சுட்டியது. பொதுவான இம்மாறுபாடுகளுள் ஒவ்வொன்றும் தனித்துச் செய்வது மிகச் சிறிது. அவை நலமுடன் வாழ்வோரிடமும் பரவிக் கிடக்கின்றன. ஒரே கருவில் தோன்றிய இரட்டையருள் ஒருவர் நோயுற்றாலும், மற்றவர் பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் நோயுறுவதில்லை. 'தூய இரத்தம்', 'கெட்ட இரத்தம்' என்னும் பேச்சுக்கு இங்கே இடமேயில்லை.

இவ்விடத்தில்தான் நம் சிந்தனைக்குரிய கேள்வி எழுகிறது. நோய் குருதி வழி வருகிறது என்னும் ஒரே கூற்று, 1933இல் மனிதரை வதைக்கக் கருவியாயிற்று. 1968இல் தாய்மாரைப் பழியினின்று விடுவித்தது. உண்மையை அறிவது மட்டும் நம்மை நல்லவர்களாக்கிவிடாது என்றே நாம் கருதுகிறோம். மனிதரின் மதிப்பு ஆய்வின் முடிவாக வருவதன்று. ஆய்வு தொடங்கும் முன்பே ஏற்கப்பட வேண்டியது. கீட்டியின் முடிவு நேர்மாறாக அமைந்திருந்தாலும், நோயுற்றவர் இறைச்சாயலாகவே இருந்திருப்பார்; அவருடைய தாயும் இரக்கத்துக்கு உரியவராகவே இருந்திருப்பார்.

திருச்சபை இதை உரிய காலத்தில் கூறியது. திருத்தந்தை 11ஆம் பயஸ் 1930 டிசம்பரில் திருமணத்தைக் குறித்து எழுதிய சுற்றுமடலில், இனமேம்பாட்டின் பெயரால் குற்றமற்றோரின் உடலைச் சிதைக்க அரசுக்கு உரிமையில்லை என்று கற்பித்தார். மூன்ஸ்டர் ஆயர் கிளெமென்ஸ் ஆகுஸ்ட் வான் காலன், 1941 ஆகஸ்ட் 3 அன்று மறையுரை மேடையிலிருந்தே நோயாளர் கொலையை வெளிப்படையாகக் கண்டித்தார். அம்மாத இறுதியில் நச்சுவாயுக் கொலைத் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் பட்டினியாலும் மருந்தாலும் கொலைகள் மறைவில் தொடர்ந்தன என்பதையும் மறக்கலாகாது. பெல்ஜியத்தின் கேல் என்னும் சிற்றூரோ வேறொரு வழியைக் காட்டியது. புனித டிம்ப்னாவின் திருத்தலத்தை நாடி வந்த மனநோயாளரை அவ்வூர்க் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாகத் தம் வீடுகளில் ஏற்று வந்தன. 1930களின் இறுதியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் அங்கே குடும்பங்களோடு உண்டும் உழைத்தும் வாழ்ந்தனர். நோயின் காரணம் அவ்வூரார்க்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட பிறகே கதவைத் திறப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

குற்றம் இல்லையென்றால் பொறுப்பும் இல்லையோ என்று சிலர் கேட்கலாம். அவ்வாறன்று. பெக்கா டியெனாரி தலைமையில் ஃபின்லாந்தில் தத்துப்பிள்ளைகளிடையே நடந்த நீண்ட ஆய்வு, மரபுவழி வாய்ப்பு உள்ள பிள்ளைகளுக்கு அமைதியான இல்லம் காப்பாக அமையக்கூடும் என்று உணர்த்தியது. குற்றம் கடந்த காலத்தைப் பார்க்கிறது. பொறுப்பு இன்று செய்ய வேண்டியதைப் பார்க்கிறது. நோயைக் கொடுத்தவர்கள் அல்லர் என்னும் விடுதலை கிடைத்த பெற்றோரே, அச்சமின்றி மருத்துவரை நாடவும், மருந்தைத் தவறாது கொடுக்கவும், பிள்ளையின் பேச்சைக் கடிந்துரையின்றிக் கேட்கவும் வல்லவர்கள். பழி சுமந்தவர்களோ நோயை மறைப்பார்கள். மறைக்கப்பட்ட நோய்க்கு மருந்து காலந்தாழ்ந்தே கிடைக்கும்.

ஆகவே நம் பங்கில் இத்தகைய குடும்பம் ஒன்று திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிட்டால், காரணம் கேட்டு அவர்களைக் கூசச் செய்ய வேண்டாம். சென்று அமர்வோம், மருத்துவமனைக்குத் துணை போவோம், களைத்துப்போன தாய் சற்றே உறங்கட்டும் என்று ஒரு பிற்பகல் அவருடைய மகனுடன் இருப்போம். சீடர்களின் கேள்வியை மறுத்த ஆண்டவர் அத்துடன் நின்றுவிடவில்லை. தரையில் உமிழ்ந்து சேறுண்டாக்கி, அம்மனிதரின் கண்களில் பூசினார். அவருடைய கைகளில் சேறு படிந்தது.