காபந்து

கோடியக்கரைக்குக் கிளம்பும் முதல் நாள் ராத்திரி, எங்கள் வீட்டு அடுப்படியில் சிலிக்கா ஜெல் வறுபடும். அதற்கென்றே ஒதுக்கிய பழைய சட்டியில், தீயை நன்றாகக் குறைத்து வைப்பேன். ஈரம் குடித்துப் பச்சையாகிப்போன மணிகள் மெல்ல மெல்ல ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பும். ஆறவிட்டுத் துணிப் பொட்டலமாகக் கட்டி, கேமராவோடு மூடி இறுகிய டப்பாவில் போட வேண்டும்.

பெரியப்பா தேவாரம் ஓதுகிறவர். ஒருதரம் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா தம்பி, உடம்பே வேணாம்னு உதறுன காரைக்கால் அம்மையார் பொறந்த சீமைல இருந்துக்கிட்டு, ஒரு கண்ணாடிச் சில்லுக்கு இவ்வளவு காபந்தா?"

எனக்குப் பதில் வரவில்லை. கேள்வி மட்டும் பையோடு கூடவே வந்தது.

காரைக்கால் பக்கத்துப் போலகத்தில் பிறந்தவனுக்குப் புழுக்கம் புதிதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடி கசியும். அம்மா நாலு அரிசியை வறுத்துப் போடுவாள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். அது கக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சைத் தின்றுவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது.

இதை நான் அப்பாவின் லென்ஸில் கற்றேன். அவர் போனபின் அந்த 50 எம்எம் லென்ஸைத் தோலுறையில் வைத்து, பட்டுத்துணியில் சுற்றி, பீரோவில் பூட்டினேன். இரண்டு வருஷம் தொடவில்லை. எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, பூஞ்சை சிலந்தி நூல்போல ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓடியிருந்தது. கல்யாணம் கல்யாணமாக நான் தூக்கிக்கொண்டு அலைந்த லென்ஸிலோ ஒரு புள்ளிகூட இல்லை. இருட்டும் அசையாத காற்றும்தான் பூஞ்சைக்குப் பிடித்தமானவை. தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் பத்திரம் என்று நினைத்துச் செய்த எல்லாமே அதற்குத் தீனியானது.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் அம்மையாரின் கதையை அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். புனிதவதியார் என்ற அந்த அம்மையார் உடம்பை முதலிலேயே வெறுத்தவர் அல்லர். கணவன் பரமதத்தன் அவர் காலில் விழும் நாள்வரை அதைக் காத்தே வைத்திருந்தார். அவனுக்காகத் தாங்கிய தசை இது, இனிக் கழியட்டும் என்றுதான் இறைவனிடம் கேட்டார். கணவன் அனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றை அவர் அடியவருக்கு இட்டதும் அப்படித்தான்: சோறு வெந்திருந்தது, கறி ஆகவில்லை, வந்தவருக்கோ பசி. பழம் எதற்கு இருக்கிறதோ அதற்குப் போயிற்று. அவர் காத்ததும் விட்டதும் ஒரே அன்பினால்தான் என்று நான் நம்புகிறேன். பற்று என்று பெரியப்பா சொல்வது, பீரோவுக்குள் நான் செய்தது.

கோடியக்கரையில் ஒரு விடியற்காலை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்கள் இன்னும் கிடந்தன. ஏசி அறையில் இரவெல்லாம் குளிர்ந்திருந்த கேமராவைக் கடல்காற்றில் சட்டென்று திறந்தால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் விட்டால்தான் வெளிச்சூடு உள்ளே இறங்கும். பையை மடியில் வைத்துக் காத்திருந்தேன். முறுக்குக் கொம்போடு ஒரு வெளிமான் கலை, புல்லை மேய்ந்தபடி இருபதடி தூரத்தில் கடந்து போயிற்று. காது மடலில் உண்ணி ஒட்டியிருந்தது தெரிந்தது. ஜிப்பில் கை போயிற்று, திறக்கவில்லை. அன்றைக்கு அதை முழுசாகப் பார்த்தேன்.

அப்பாவின் லென்ஸுக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. அதில் எடுக்கும் படம் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மங்குகிறது. அவர் விரல் திருப்பித் திருப்பி, வளையத்தின் ரப்பர் ஒரு பக்கம் வழவழத்துப் போயிருக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை. பீரோவில் வைக்கவும் மாட்டேன். முற்றத்தில் அம்மா வேடு கட்டி ஊறுகாய் ஜாடியை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், இளவெயில் ஏறுமுன், மூடியைக் கழற்றி வைக்கிறேன்.