ஐம்புலன்களும் அருள் வாயில்களே



பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள பொம்மனஹள்ளி ஓய்வறியாத ஊர். கீழே ஓயாத வாகன இரைச்சல்; மேலே 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயில். சுற்றிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். அங்கே தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள்.

அவ்வூரில் சத்சங்கம் முடிந்ததும் தமிழ்ச் சகோதரி ஒருவர் தயங்கியபடியே கேட்டார்: "சுவாமிஜி, மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். வேலை நிலைக்குமோ என்ற பயம். மிஷின் முன் உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. கண்ணை மூடி ஜபம் செய்தால் பயம் இன்னும் கூடுகிறது. என் பக்தி பொய்யாகிவிட்டதா?"

பக்தி பொய்யாகவில்லை, அம்மா! பகவானையே சாரதியாகப் பெற்றிருந்த அர்ஜுனனுக்கும் இதுவே நேர்ந்தது. கீதையின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். அவனுக்கு வாய் உலர்ந்தது, உடல் நடுங்கியது, தோல் எரிந்தது, காண்டீபம் கையிலிருந்து நழுவியது. இன்னும் ஓர் அம்புகூடப் பாயவில்லை. ஆயினும் அவன் மனம் குலத்தின் அழிவு வரை ஓடிச் சென்றுவிட்டது.

அச்சத்தின் இயல்பு இதுதான். மனம் நாளைக்கு ஓடும், நேற்றைக்குத் திரும்பும். புலன்களோ இந்தக் கணத்தில் மட்டுமே இயங்க வல்லவை. நாளை ஒலிக்கப்போகும் மணியை இன்று எந்தச் செவியும் கேட்பதில்லை. ஆகவே, ஓடிப்போன மனத்தை இருக்கும் இடத்திற்கு அழைத்து வரப் புலன்களே தக்க தூதர்கள்.

'புலன்கள் பகைவர்கள் அல்லவா?' என்று சிலர் ஐயுறலாம். கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் காட்டுகிறது. குதிரைகள் தறிகெட்டு ஓடினால் தேர் கவிழும். அதற்காகக் குதிரைகளையே கொன்றுவிட்டால் தேர் நகருமோ? அவற்றைப் பழக்க வேண்டும், அவ்வளவே.

நம் முன்னோர் ஆலய வழிபாட்டில் இப்பழக்கத்தையே அமைத்தனர். கண்ணுக்குத் தீபம், செவிக்கு மணியோசை, நாசிக்குச் சாம்பிராணி மணம், நாவிற்குத் தீர்த்தம், மேனிக்குத் திருநீறு அல்லது சந்தனத்தின் குளிர்ச்சி. ஐந்து குதிரைகளும் ஒரே திசையில் திரும்புகின்றன.

ஆலயத்தில் கற்றதைத் தொழிற்சாலையிலும் செய்யலாம். அச்சம் எழும்போது கண்களை மூட வேண்டாம். இயந்திரத்தை ஒரு கணம் நிறுத்திப் பாதங்கள் தரையில் பதிந்திருப்பதை உணருங்கள். கையிலுள்ள துணியின் நிறத்தைக் காணுங்கள். அதன் மென்மையையோ சொரசொரப்பையோ தொட்டறியுங்கள். ஒரு மிடறு நீரை மெதுவாக அருந்துங்கள். சுற்றிலும் எழும் தையல் ஓசையோடு இறை நாமத்தை இணையுங்கள். 'இறைவா, இப்போது நான் இங்கே இருக்கிறேன். நீயும் இங்கே இருக்கிறாய்' என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

விருப்பு வெறுப்பின்றி, தன்வசப்பட்ட புலன்களால் உலகில் இயங்குபவன் மனத்தெளிவை அடைகிறான் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் உரைக்கிறது. அத்தெளிவுக்குப் பகவான் இட்ட பெயர் 'பிரசாதம்'. கோயிலில் கையேந்திப் பெறுவது மட்டுமன்று. உள்ளம் அமைதியுறுவதும் பிரசாதமே!

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இப்பயிற்சி கட்டணத்தைக் கட்டிவிடாது, சம்பளத்தை உயர்த்திவிடாது. அர்ஜுனனை அமைதிப்படுத்திய கண்ணன் அவனை வீட்டிற்கு அனுப்பவில்லை. எழுந்து கடமையைச் செய் என்றான். 2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு வந்த கட்டுப்பாட்டை எதிர்த்து, இதே ஓசூர் சாலையில் ஆயிரக்கணக்கான ஆடைத் தொழிலாளர்கள் திரண்டனர்; மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. உரிமையைக் கேட்பதும் கடமையே. அமைதி என்பது அடங்கிக் கிடப்பதன்று. அடுத்த அடியைத் தெளிவாக எடுத்து வைக்க உதவும் தரை.

படபடப்பும் உறக்கமின்மையும் நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். அது பக்திக் குறைவன்று. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் ஓசூர் சாலையிலேயே உள்ளது. அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் நாட்டின் எப்பகுதியிலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம். மருத்துவரின் கரமும் இறைவனின் கரமே.

கண்டும் கேட்டும் உண்டும் முகர்ந்தும் தொட்டும் நாம் அறிவன யாவும் அவனை நினைவூட்டட்டும். புயலிலும் நம் பாதங்கள் அவன் திருவடி நிழலில் நிலைபெற எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக!