அருமை எதனால் வருகிறது?

‘அருமை’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. எளிதில் கிடைக்காமையும் அருமை, மேன்மையும் அருமை. இரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதாலோ என்னவோ, கிடைத்தற்கு அரியன யாவும் மேன்மையுடையன என்றே நாம் எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் சரியானதுதானா? இதனை ஆராயப் பெரும் தத்துவ நூல்களை நாடிச் செல்ல வேண்டுவதில்லை. விமான நிலையத்தின் வேலியோரமே போதும்.

ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில், ஓடுபாதைக்கு அப்பால் உள்ள கம்பி வேலியருகே சிலர் மணிக்கணக்கில் நிற்பதைக் காணலாம். கையில் கேமரா, கழுத்தில் தொலைநோக்கி, பையில் ஒரு குறிப்பேடு. இறங்கும் விமானத்தின் வகையையும் பதிவெண்ணையும் குறித்துக்கொள்வதும் அதனைப் படம்பிடிப்பதுமே அவர்களது பொழுதுபோக்கு. இதனால் வருவாய் ஏதுமில்லை. பயன் கருதாத இப்பார்வையை உலகம் எளிதில் நம்புவதுமில்லை. 2001ஆம் ஆண்டு நவம்பரில், கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில் இத்தகைய ஆர்வலர் பதினால்வர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் பன்னிருவர் பிரித்தானியர்; இருவர் டச்சுக்காரர். உளவு பார்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சில வாரங்கள் சிறையில் இருந்தனர். 2002 ஏப்ரலில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை பெற்றனர். வெறுமனே பார்ப்பதற்காகவே ஒருவன் பார்க்கக்கூடும் என்பதை மெய்ப்பிக்க ஓராண்டு வேண்டியிருந்தது!

இவர்கள் மிகவும் தேடிய விமானங்களுள் ஒன்று ‘வி.எப்.டபிள்யூ. போக்கர் 614’ என்னும் சிறு ஜெட். ஏறத்தாழ நாற்பது பேரைக் குறுகிய தொலைவுக்கு ஏற்றிச் செல்ல மேற்கு ஜெர்மனியின் பிரேமன் நகரில் உருவானது; 1971 ஜூலை 14 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதன் இரு எஞ்சின்களும் இறக்கைக்குக் கீழே தொங்காமல், இறக்கையின் மேல் தூண் நிறுத்தினாற்போல் அமைந்திருந்தன. செப்பனிடாத ஓடுபாதையில் கல்லும் புழுதியும் எஞ்சினுள் புகாதிருக்கவும், சக்கரக் கால்கள் குட்டையாக இருக்கவும், இறக்கையே திரையாகி இரைச்சலைக் குறைக்கவும் அவ்வாறு வடிவமைத்தனர். நல்ல சிந்தனைதான், ஆயினும் சந்தை அதனை ஏற்கவில்லை. எஞ்சினை ஆக்கிய ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் 1971இல் நொடித்துப்போனது. அடுத்த ஆண்டு முதல் மாதிரி விமானம் சோதனையின்போது விழுந்து நொறுங்க, ஓர் உயிர் பலியாயிற்று. டென்மார்க்கிலும் பிரான்சிலும் மூன்று சிறு நிறுவனங்களும், ஜெர்மானிய விமானப்படையும் மட்டுமே வாங்கின. 1977இல் உற்பத்தி நின்றது. கட்டப்பட்டவை மொத்தம் பத்தொன்பதே.

அவற்றுள் ஒன்று பிரவுன்ஷ்வைக் நகர விமான நிலையத்தில் ஆய்வு விமானமாக நெடுங்காலம் வாழ்ந்தது. கணினியின் துணையால் பிற விமானங்களின் இயல்பை நடித்துக் காட்டும் பறக்கும் ஆய்வுக்கூடமாக அது பணியாற்றியது. தன் இனத்தில் பறந்துகொண்டிருந்த கடைசி விமானமாகிய அது, 2012 டிசம்பரில் மியூனிக் அருகே ஓபர்ஷ்லைஸ்ஹைமில் உள்ள அருங்காட்சியகத்தில் வந்திறங்கி ஓய்ந்தது.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்விமானம் அரிதானது ஏன்? அது தோற்றதால் அல்லவா? நூற்றுக்கணக்கில் விற்றிருந்தால் வேலியோரத்தில் நிற்பவர் அதனைத் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார். வடிவமைத்தவரின் ஏமாற்றமும் தொழிலாளரின் வீணான உழைப்பும் சோதனையில் மாண்டவரின் குருதியும் அந்த எண்ணிக்கைக்குள் ஒளிந்துள்ளன. பிறர் தோல்வியின் மீது நம் மகிழ்ச்சியை எழுப்புவது அறமாகுமா?

பார்வை இருவகைப்படும். ஒன்று, எண்ணிச் சேர்க்கும் பார்வை. பதிவெண்ணைக் குறித்து, பட்டியலில் ஒரு கோடு கிழித்தபின் அதற்குப் பொருளோடு உறவில்லை. பிறரிடம் இல்லாதது தன்னிடம் உண்டு என்னும் பெருமிதமே எஞ்சும். மற்றொன்று, அறிய விழையும் பார்வை. எஞ்சின் ஏன் இறக்கையின் மேல் இருக்கிறது, யார் அப்படி நினைத்தனர், ஏன் தோற்றனர் என்று அது வினவுகிறது. அவ்வாறு பார்ப்பவன் எடுக்கும் புகைப்படம் சாட்சியாகிறது. வாங்குவோர் இல்லாத விமானங்கள் உடைத்து அழிக்கப்பட்டன; கணக்கேடு அவற்றை நட்டம் என்று எழுதி மூடியது. அவை வானில் ஒருகாலத்தில் அழகுறப் பறந்தன என்பதைப் படம் சொல்லும். இறக்கைக்கு மேல் எஞ்சின் என்னும் எண்ணமோ முற்றிலும் மடிந்துவிடவில்லை. 2003இல் முதன்முதல் பறந்த ஹோண்டாஜெட் என்னும் சிறு விமானத்தில் வேறு காரணங்களுக்காக, வேறு வடிவில் அது மீண்டும் தோன்றியது. தோல்வியைக் கூர்ந்து நோக்குவது இழிவன்று. தோற்றவரை மறந்துவிடுவதே இழிவு.

ஆயினும் வினா இன்னும் முடியவில்லை. அரிய விமானத்துக்காகக் காத்திருப்பவனின் தலைக்கு மேல் அன்றாட விமானங்கள் ஐம்பது கடந்து செல்கின்றன. அவற்றுள் முதன்முறை வேலைக்குப் போகும் மகனும், தந்தையின் சாவுக்கு விரையும் மகளும் இருக்கக்கூடும். ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்பர் நம்மவர். நிழல் அரிய பொருளா? மரந்தோறும் கிடப்பதுதானே! அதன் அருமை எண்ணிக்கையால் வந்ததன்று. நம் தேவையாலும், நாம் அதனை உணர்வதாலும் வந்தது. பழமொழி வகுத்தவர்கள் ‘அருமை’யின் இரு பொருளையும் தெளிவாகப் பிரித்தறிந்திருந்தனர்.

பத்தொன்பதில் ஒன்றைக் காண்பதற்கு நாள் முழுதும் வேலியோரம் நிற்கும் பொறுமை போற்றத்தக்கதே. கண்ணை விழிக்கச் செய்வதற்கு அரியது நமக்குத் தேவைப்படுகிறது. விழித்த கண்ணைப் பின் எத்திசையில் திருப்புகிறோம் என்பதில்தான் அறம் இருக்கிறது. நாள்தோறும் நமக்குக் கதவு திறப்பவர், கடிதம் கொணர்பவர், நம் வீட்டிலேயே நம்மோடு முதுமை எய்துகிறவர் ஆகிய இவர்களைப் போல் வேறொருவர் இவ்வுலகில் இல்லை. அவர்களுள் எவரையேனும் நாம் இன்று அவ்வளவு நேரம் நோக்கினோமா?